உள்ளே ஒன்றுமில்லை

கேட்டருகே சைக்கிளை நிறுத்தினேன். காவலுக்கு நின்ற நேப்பாளிப் பையன், எங்கே போகிறீர்கள் அங்கிள் என்று மலாயில் கேட்டான். உள்ளே, என்றேன். அவன் என்னைப் பார்த்தான், சைக்கிளைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். "டாலாம் தாடா அப்பா-அப்பா," என்றான். உள்ளே ஒன்றுமில்லை.

அவன் சொன்னது பொய்யில்லை. பத்து காஜாவிலிருந்து கோப்பேங் போகும் வழியில் உள்ளே திரும்பினால், ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் இப்போது கண்ணுக்கெட்டிய வரை செம்பனைதான். ஆனால் அந்தச் செம்மண் சடக்கு அப்படியே கிடக்கிறது. முதல் வளைவில் ஆயாக்கொட்டகை, அடுத்ததில் பால் ஸ்டோர், மேடேறினால் கிராணி வீடு. கட்டடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வளைவுகளை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாலும் என் கை தானாகத் திரும்பும்.

இந்தச் சடக்கில்தான் சைக்கிள் பழகினேன். அப்பாவின் ரேலி, 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பாருக்கு அடியில் காலை விட்டு, இடுப்பை ஒரு பக்கம் வளைத்து மிதிக்க வேண்டும். விழுந்தால் செம்மண். காடி மோதிவிடுமோ என்ற பயம் அம்மாவுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. காடி வைத்திருந்தவர் துரை ஒருவர்தான். அவர் வருவதைப் புழுதியே கால் மைல் முன்னால் சொல்லிவிடும். அதைவிட்டால் பால் லோரி, மாதம் இரண்டு முறை அரிசி வண்டி. மற்றபடி சடக்கு முழுக்க எங்களுடையது.

அப்பா விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, போய்விடுவார். நெற்றியில் கார்பைட் விளக்கு, கேரியரில் இரண்டு வாளி, இடுப்பில் உளி. ஏன்ப்பா இவ்வளவு இருட்டில், என்று ஒருமுறை கேட்டேன். "வெயில் ஏறினா மரம் பாலை உள்ள இழுத்துக்கும் தம்பி," என்றார். பின்னாளில் படித்தபோது அவர் சொன்னது ஏறக்குறைய அறிவியல் என்று தெரிந்தது. இரவின் குளிர்ச்சியில் பட்டைக்குள் நீரழுத்தம் கூடியிருக்கும், அதனால் பால் நன்றாக ஓடும். வெயிலில் இலைகள் நீரை இழக்க இழக்க ஓட்டம் மந்தமாகும். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் சரிந்து இறங்கும் வெட்டு. அதன் முனையில் பால் பிடிக்கும் மங்கு. மழை வந்தால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் சம்பளமும் இல்லை.

மத்தியானம் இரண்டு வாளியும் நிறைய அப்பா அதே சைக்கிளில் ஸ்டோருக்கு வருவார். மேடு பள்ளம், கல், வேர், எதிலும் ஒரு சொட்டு சிந்தாது. அந்த ஓட்டத்தை நான் இன்றுவரை வேறு யாரிடமும் பார்க்கவில்லை. பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் வேகத்துக்காகத் தட்டையாகக் குனிகிறார்கள். அப்பா நிமிர்ந்து, தலையில் குடம் வைத்த பெண் நடப்பதுபோல ஓட்டுவார்.

இதெல்லாம் ஞாபகம் வந்தது அண்ணன் மகனால். பிரான்சில் வேலை பார்க்கிறான். போன ஆண்டு ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டான். பின்னால் ஆறு, பள்ளத்தாக்கு, கல் பாலம். "சித்தப்பா, பாருங்க, மூணு நாளா ஓட்டுறேன், ஒரு காடி இல்ல. பழைய ரயில் சடக்கு இது. தண்டவாளத்தைப் புடுங்கிட்டு சைக்கிளுக்கு விட்டுட்டாங்க." அர்தேஷ் வட்டாரம் அது. எரியு ஆற்றோரம் மலைக்குள் ஏறும் அந்த ரயில் 1968-இல் நின்றுபோனது. இப்போது சுமார் 90 கிலோமீட்டர் சைக்கிள் பாதை. பெயர் தோல்சே வியா. ரயில் ஏறிய பாதை என்பதால் ஏற்றம் மெதுவாகத்தான் இருக்குமாம், கிழவர்கள்கூட ஓட்டுகிறார்களாம். 'கிழவர்கள்கூட' என்றபோது கொஞ்சம் தயங்கினான். நான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

அங்கிருந்து மேற்கே போனால் எரிமலை மேடுகள், தெற்கே போனால் சுண்ணாம்புக்கல்லை ஆறு அறுத்த பெரும் மலையிடுக்கு. சுண்ணாம்புக்கல் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதைப் பார்க்க நான் பிரான்சுக்கா போக வேண்டும்? ஈப்போவில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் தெரிகிறதே. கடலடியில் படிந்த கல் இங்கே செங்குத்தாக நிற்கிறது; கல்லுமலை முருகனே அதன் மடியில்தான் குடியிருக்கிறார். எரிமலை எங்களுக்கு இல்லை. ஆனால் கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் முழுக்க, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வெளியே வராமல் பூமிக்குள்ளேயே ஆறி உறைந்த நெருப்புக் குழம்பு. அந்தக் கருங்கல்லோடு வந்ததுதான் ஈயம். ஈயத்தைத் தேடித்தான் ரயில் வந்தது.

ஆம், எங்களுக்கும் ஒரு கிளை ரயில் இருந்தது. ஈப்போவிலிருந்து லஹாட், பூசிங், சிப்புத்தே வழியாகத் துரோனோ வரை. அர்தேஷ் ரயிலும் இதுவும் ஒரே அகலம், ஒரு மீட்டர். தண்டவாளம் எப்போதோ போய்விட்டது. லஹாட்டுக்கும் பூசிங்குக்கும் நடுவே பாப்பான் இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் சிபில் கார்த்திகேசு மருந்தகம் நடத்திய ஊர். காட்டிலிருந்து இரவில் வந்த கெரில்லாக்களுக்குக் குண்டெடுத்துக் கட்டுப்போட்ட அம்மையார். 1943-இல் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டும் வாய் திறக்கவில்லை. அந்தத் தெருவில் சைக்கிளில் மெதுவாகப் போனால் வேர் கவ்விய கடைவீடுகள் ஒவ்வொன்றும் கண்ணில் படும். காடியில் போனால் ஊர் முடிந்ததே தெரியாது.

மீட்டர் அகலம் என்றதும் பெரியப்பா நினைவு. அவரும் அப்பாவும் ஒரே தோட்டத்தில் பால் வெட்டினவர்கள். 1943-இல் சயாமுக்கு அதே மீட்டர் அகல ரயில் போட ஜப்பான்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. அவர் திரும்பவில்லை. அதனால்தானோ என்னவோ, அப்பா கடைசிவரை ரயில் ஏறியதே கிடையாது. ஈப்போ என்றாலும் சைக்கிள்தான். தைப்பூசத்துக்கு என்னைப் பாரில் உட்கார வைத்து மிதித்திருக்கிறார். திரும்பும்போது புந்தோங்கில் நிறுத்திக் கச்சான் பூத்தே வாங்கித் தருவார். தாள் சுருள் ஐந்து மைல் தாங்காது.

ஒருமுறை வழியில் பஞ்சர். அப்பா சாலையோரம் உட்கார்ந்து டயரைக் கழற்றினார். டியூபைச் சுரண்டி, சொலூஷன் தடவி, ஊதி, ஒட்டினார். அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. "நம்ம பாலுதான்யா சீமைக்குப் போயி டியூபா திரும்பி வருது. நாமளே காசு குடுத்து வாங்குறோம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பிரான்சில் எரிமலை வரிசைக்கு அடியிலேயே ஒரு நகரம், கிளெர்மோன் ஃபெரான். மிஷெலின் டயர் பிறந்த ஊர். 1889-இல் ஒரு சைக்கிள்காரர் பஞ்சரான டயரோடு அங்கே வந்தாராம். அந்தக் காலத்து டயர் சக்கரத்தோடு பசைபோட்டு ஒட்டியது; கழற்றவே மணிக்கணக்காகும், காய ஒரு ராத்திரி. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் கழற்றி மாட்டும் டயர். 1891-இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில் சார்ல் தெரோன் அதை மாட்டிக்கொண்டு ஜெயித்தார். அப்போது இங்கே பேராக்கில், கோலகங்சாரில் 1877-இல் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகள் மரமாகி நின்றன. ஒன்று இன்னும் நிற்கிறது; போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தக் கன்றுகளுக்குப் பின்னால்தான் எங்கள் தாத்தா கப்பலேறி வந்தார் என்றால் மிகையில்லை.

இன்னொரு பிரெஞ்சுக்காரரையும் சொல்லிவிட வேண்டும். ஆன்ரி ஃபொக்கொன்யே. சிலாங்கூரில் ரப்பர் துரை. மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930-இல் கோன்கூர் பரிசு வாங்கினார். நல்ல எழுத்தாளர்தான். ஆனால் 1917-இல் தென்னமாரம் தோட்டத்தில் செம்பனையை இந்த நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்கு நட்டதும் அவர்தான். அன்று அலங்கார மரம் மாதிரி நின்றது, எழுபது எண்பதுகளில் எங்கள் நிரைகளை எல்லாம் விழுங்கியது. பால் மரத்துக்கு இருந்த அளவு ஆள் செம்பனைக்குத் தேவையில்லை. லயம் காலியானது. சனம் புந்தோங்குக்கும் மெங்லெம்புவுக்கும் கோலாலம்பூருக்கும் போனது. சடக்கு சும்மா கிடந்தது.

அண்ணன் மகன் கேட்டான்: ஏன் சித்தப்பா, நம்ம ஊர்லயும் இப்படிப் பாதை போடலாம்ல? போடலாம். கிந்தா பள்ளத்தாக்கு 2018-இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குகை, ஈயக் குட்டை, தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டிய ஈயம் அள்ளும் கப்பல், கெல்லி மாளிகை, அதன் பக்கத்தில் தோட்டத்து மாரியம்மன், எல்லாம் ஒருநாள் மிதிக்கும் தூரத்தில். இவற்றை இணைக்கும் பெரிய சடக்கில்தான் சைக்கிளுக்கு இடமில்லை. சிம்பாங் பூலாய் பக்கம் கல் லோரி உரசிக்கொண்டு போகும்போது முதுகில் காற்று அறையும். பக்கத்திலேயே நூறாண்டுப் பழைய செம்மண் சடக்குகள் கேட்டுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. பிரெஞ்சுக்காரன் யோசித்துச் செய்த அமைதி அவனுடையது. எங்களுடையது ஆட்கள் போனதால் வந்தது. அப்படியே வைத்துக்கொண்டாலும் இந்த அமைதியை இப்படிப் பூட்டிவைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அங்கே வளர்ந்தவன் சாகுமுன் ஒரு தடவை மிதித்துவிட்டு வர வழி இருக்க வேண்டும்.

நேப்பாளிப் பையனிடம், நான் பிறந்தது உள்ளேதான் என்றேன். அவன் திரும்பிச் செம்பனையைப் பார்த்தான். கேட்டைத் திறக்கச் சாவி அவனிடம் இல்லை. கையால் இடப்பக்கம் காட்டினான். தூணுக்கும் கானுக்கும் நடுவே ஓர் இடைவெளி. காடி நுழையாது, மோட்டார் நுழையாது. ஹாண்டிலைக் கொஞ்சம் திருப்பினால் சைக்கிள் நுழைகிறது.