பதினைந்து வயதுக்காரியும் ஐந்து நாவல்களும்

மகள் படிக்கிற புத்தகத்தை அவள் முடித்த கையோடு நானும் படித்துவிடுவது என்று ஆறு மாதமாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வேவு பார்ப்பதற்கு என்று தங்கமணி சொல்கிறாள். அதெல்லாம் இல்லை :-)

விஷயம் இதுதான். குர்கானில் வளர்ந்த பெண். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், லிஃப்டில் ஹிந்தி, வீட்டுக்குள் தமிழ். அந்த வீட்டுத் தமிழ் எவ்வளவு என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். "சாப்டியா", "ஃபேனை அணைச்சியா", "பாட்டிகிட்ட பேசினியா", "தூங்கு, மணியாச்சு". அவ்வளவுதான். பயம், கோபம், ஆசை, சாவு என்று எதைப் பேச ஆரம்பித்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறாள். மூன்றாவது வாக்கியத்தில் "ஒண்ணுமில்லப்பா" என்று முடித்தும் விடுகிறாள். நேரடியாகக் கேட்டால் பதில் வராத வயது இது. கதையில் வருகிற யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்டால் வருகிறது.

புத்தகக் கடைகளில் 'யங் அடல்ட்' என்று தனி அலமாரியே இருக்கிறது. பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரைக்குமானது. நம் காலத்தில் அப்படி ஓர் அலமாரி ஏது? அம்புலிமாமா, வாண்டுமாமா முடிந்ததும் ஒரே தாவாகத் தாவி சுஜாதா, ராஜேஷ்குமார், பாலகுமாரன். நடுவில் பாலம் எல்லாம் கிடையாது. விழுந்து எழுந்து பழகிக்கொண்டோம்.

ஆகவே சமீபத்தில் படித்த ஐந்து. மூன்று அவளுடைய அலமாரியிலிருந்து, இரண்டு என்னுடையதிலிருந்து.

*

தி பிரிட்ஜ் ஹோம் – பத்மா வெங்கட்ராமன் (2019)

பாலம் என்றதும் இதுவே முதலில் வரட்டும். பத்மா வெங்கட்ராமன் சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வாழ்பவர். கடலியல் படித்த விஞ்ஞானி. கதை நடப்பது சென்னையில். குடித்துவிட்டு அடிக்கிற அப்பாவிடமிருந்து தப்பித்து, அக்கா ருக்குவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறாள் பதினொரு வயது விஜி. ருக்கு அக்காதான், ஆனால் மனவளர்ச்சி குறைந்தவள் என்பதால் விஜிதான் அவளுக்கு அக்கா மாதிரி. பாழடைந்த ஒரு பாலத்தின் மேல் முத்து, அருள் என்று இரண்டு பையன்களோடு குடும்பம் அமைகிறது. குட்டி என்று ஒரு நாய். குப்பைமேட்டில் பொறுக்கி விற்றுச் சாப்பிடுகிறார்கள்.

முழுக் கதையையும் விஜி தன் அக்காவுக்குக் கடிதமாகச் சொல்கிறாள். ஏன் கடிதம் என்பது ஓரளவு படித்ததுமே புரிந்து, வயிற்றில் ஒரு கல் உட்கார்ந்துவிடும். சரியாகச் சொன்னால் இது பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான புத்தகம். ஆனால் நாற்பத்தேழு வயதுக்காரன் மெட்ரோவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு படித்தேன்.

குறை இல்லாமல் இல்லை. சென்னைக் குப்பைமேட்டுப் பிள்ளைகளின் பேச்சில் இருக்கிற நக்கலும் வசவும் ஆங்கிலத்தில் வடிகட்டப்பட்டு ரொம்ப சாதுவாகி விட்டன. உதவ வருகிற பெரியவர்களும் கொஞ்சம் கூடுதலாகவே நல்லவர்கள். மகளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவள் கேட்டது வேறு. "அவங்க அம்மா ஏன் கூட வரலை?" நல்ல கேள்வி. அரைமணி நேரம் பேசினோம். எந்தெந்த அம்மாக்கள் வரமாட்டார்கள், ஏன் வரமுடியாது என்று தங்கமணியும் வந்து உட்கார்ந்து பேசினாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். பரவாயில்லை.

*

க்ளைம்பிங் தி ஸ்டேர்ஸ் – பத்மா வெங்கட்ராமன் (2008)

அதே ஆசிரியர், முதல் நாவல். 1941. பம்பாயில் டாக்டர் அப்பாவின் செல்லமாக வளர்கிறாள் பதினைந்து வயது வித்யா. மேற்கொண்டு படிக்க ஆசை. சுதந்திரப் போராட்ட ஊர்வலத்தில் போலீஸ் அடித்து அப்பாவின் மூளை பாதிக்கப்பட, குடும்பம் சென்னையில் தாத்தாவின் கூட்டுக்குடும்ப வீட்டுக்கு வந்து சேர்கிறது. அங்கே சட்டம் எளிது: பெண்கள் கீழே, ஆண்கள் மாடியில். வீட்டின் நூலகமும் மாடியில். தலைப்பின் அர்த்தம் அதுதான்.

நம் பாட்டி, கொள்ளுப்பாட்டி காலத்து வீடு. அந்த மூன்று நாள் ஒதுங்கி உட்காருவது, கல்யாணப் பேச்சு, விதவைகள் இருந்த இருப்பு, பெரியம்மாவின் வாய் எல்லாம் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட சாதி வீட்டின் கதைதான், தமிழ்நாடு மொத்தத்தின் கதை இல்லை என்பதை மகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. பெரியம்மா பாத்திரம் தூர்தர்ஷன் நாடக வில்லி மாதிரி ஒரே சுருதியில் போகிறது. வித்யாவை விரும்பும் ராமன் அந்தக் காலத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே நல்லவன்.

ஆனால் அண்ணன் கிட்டா விவகாரம் அருமை. அப்பா அடிபட்டதோ பிரிட்டிஷ் போலீஸின் கையால். பிள்ளையோ பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்கிறான். ஹிட்லரை எதிர்க்க வேறு வழியில்லை என்பது அவன் கட்சி. அகிம்சையில் ஊறிய வீட்டுக்குள் இப்படி ஒரு பிள்ளை. யார் பக்கம் நியாயம் என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை. பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியாகவே சுதந்திரப் போராட்டத்தைப் படித்த பிள்ளைகளுக்கு இது ஒன்றுக்காகவே வாங்கித் தரலாம்.

*

ஃபேசஸ் இன் தி வாட்டர் – ரஞ்சித் லால் (2010)

தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தையில் (2019-லிருந்து மகிளா ஹாட்டில் நடக்கிறது) பழைய புத்தகக் குவியலில் மகள் பொறுக்கி எடுத்தது. பெருமைக்காரப் பணக்காரக் குடும்பம். எங்கள் வம்சத்தில் ஆண் பிள்ளைகள்தான் பிறக்கும் என்று மார்தட்டுகிறவர்கள். பண்ணை வீட்டில் ஒரு கிணறு, அந்தத் தண்ணீருக்கு ஏகப்பட்ட மகிமை. பதினைந்து வயது குர்மி அதற்குள் எட்டிப் பார்க்கிறான். தண்ணீரில் பெண் பிள்ளைகளின் முகங்கள். அவனுடைய அக்கா தங்கைகள்.

இவ்வளவு கொடூரமான விஷயத்தைச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார் மனிதர். அந்தப் பெண்கள் வெள்ளைப் புடவை கட்டி அழுது வடிகிற பேய்கள் இல்லை. வாயாடிகள். அண்ணனை ஓட்டி எடுக்கிறார்கள். அவர்களோடு சிரித்துப் பழகிய பிறகுதான், இவர்கள் உயிரோடு இருந்திருக்க வேண்டியவர்கள் என்பது உறைக்கிறது. புள்ளிவிவரம் செய்யாத வேலை இது.

படித்து முடித்துவிட்டு மகள் சாவகாசமாகச் சொன்னாள்: "நல்லவேளை, நம்ம ஊர்ல இதெல்லாம் கிடையாது." ஹரியானாவில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்வது ரொம்ப சுலபம். 2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுவரை உள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இங்கே பெண் குழந்தைகள் 834, தமிழ்நாட்டில் 943. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்காக உசிலம்பட்டியைச் சொல்லாமல் விடமுடியுமா? கள்ளிப்பாலைப் பற்றிச் சொன்னேன். 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதைச் சொன்னேன். பெற்றவர்களே வந்து தொட்டிலில் போட்டுவிட்டுப் போகலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று அரசாங்கமே தொட்டில் வைக்க வேண்டியிருந்த ஊர் நம்முடையது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு "கள்ளிப்பால்னா என்ன?" என்றாள். செடியைப் படத்தில் காட்டினேன். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த தமிழ் வார்த்தைகளில் இப்படியும் ஒன்று.

*

காச்சர் கோச்சர் – விவேக் ஷான்பாக்

இனி என் அலமாரி. கன்னடத்தில் எழுதப்பட்டது, நான் படித்தது ஸ்ரீநாத் பெரூரின் ஆங்கில மொழிபெயர்ப்பு. மிகச் சின்ன நாவல், டெல்லியிலிருந்து சென்னைக்குப் பறப்பதற்குள் முடிந்துவிடும். அதன் பிறகுதான் தொந்தரவு ஆரம்பம்.

பெங்களூரில் எறும்பு மொய்க்கும் சின்ன வீட்டில் கஷ்டப்பட்ட குடும்பம். சித்தப்பா மசாலா வியாபாரம் தொடங்கிப் பணம் கொட்டுகிறது. பெரிய வீடு, புது சோபா, யாரும் வேலைக்குப் போகத் தேவையில்லை. குடும்பம் ஒற்றுமையாகத்தான் இருக்கிறது. அந்த ஒற்றுமைதான் பயம். ஒருநாள் சித்தப்பாவைத் தேடி ஒரு பெண் மசூர் பருப்புக் குழம்பு செய்து எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வருகிறாள். வீட்டுப் பெண்கள் அவளைத் துரத்துகிற துரத்தலைப் படிக்கும்போது, முன்பு எறும்புகளை நசுக்கிய கைகள் ஞாபகம் வரும். மருமகள் அனிதா ஒருத்திதான் இது தப்பு என்று வாய்திறந்து சொல்கிறாள். அதற்கப்புறம் என்ன என்று நாவல் சொல்வதில்லை. நமக்கே தெரிந்துவிடுகிறது.

ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டில் ஆரம்பித்து மூன்று படுக்கையறைக்கு வந்து சேர்ந்த நம்மைப் போன்றவர்கள் கட்டாயம் படிக்கவேண்டும். பதினாறு வயதுக்கு முன் தரவேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

*

செல்லாத பணம் – இமையம் (2018)

2020-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல். ரேவதி பொறியியல் படித்தவள். அப்பா நடேசன் தலைமை ஆசிரியர். ரேவதி பர்மா அகதிக் குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டோக்காரன் ரவியைப் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். சில வருடங்கள் கழித்துத் தீக்காயத்தோடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தானே கொளுத்திக்கொண்டாளா, அவன் கொளுத்தினானா? அம்மா, அப்பா, அண்ணன், அண்ணி எல்லோரும் தீக்காயப் பிரிவின் வெளியே காத்துக் கிடக்கிறார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யத் தயார். பணம் இருக்கிறது, ஆனால் செல்லாது.

நாவல் முழுக்கப் பேச்சு. வராந்தாவில், மரத்தடியில், டீக்கடையில் பேச்சு, புலம்பல், திட்டு. நடுநடுவே திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைப் பேசுகிறார்களே என்று அலுப்புத் தட்டும். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், அப்படித்தான் பேசுவோம்.

மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் வாசிக்க அவள் கேட்டாள். புரியாத வட்டாரப் பேச்சை நிறுத்தி நிறுத்தி விளக்கினேன். இந்தக் கதை வேண்டுமா இந்த வயதில் என்று தங்கமணிக்குத் தயக்கம்தான். மூன்றாம் நாள் அவளும் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

பாதியில் ஒருநாள் மகள் கேட்டாள்: "கஷ்டமா இருந்தப்போ அவ அவங்க அப்பாவுக்கு ஃபோன் பண்ணியிருந்தா, அவர் எடுத்திருப்பாரா?"

தெரியலையேம்மா என்றேன்.

"நீ எடுப்பியா?"

"எடுப்பேன்."

"நான் யாரைக் கல்யாணம் பண்ணிருந்தாலும்?"

"எடுப்பேன்" என்றேன். முதல் பதிலுக்கும் இரண்டாவது பதிலுக்கும் நடுவில் சின்ன இடைவெளி விழுந்தது. அவள் அதைக் கவனித்தாள் என்பதும் எனக்குத் தெரிந்தது. "சரி, மேல படி" என்றாள்.

*

ஐந்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. இளையோர் நாவல் என்றால் சர்க்கரை தடவிய சின்ன நாவல் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. விஜியும் வித்யாவும் குர்மியும் சந்திப்பது இமையம் காட்டுகிற அதே வீட்டைத்தான்: அடிக்கிற அப்பா, ஏறக்கூடாத மாடி, பேசக்கூடாத கிணறு. வித்தியாசம், யார் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அங்கே பிள்ளை பார்க்கிறது, பார்த்ததும் ஏதோ செய்கிறது. இங்கே பெரியவர்கள் பார்க்கிறோம், பெரும்பாலும் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்த பிறகு. முதல் வகை பிள்ளைகளுக்குத் தைரியம், இரண்டாவது நமக்கு எச்சரிக்கை. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால்தான் பேச்சு நடக்கும்.

தமிழில் இந்த நடு அலமாரி காலி என்று சொல்லமாட்டேன். எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைக் குழந்தைகளுக்கே புரிகிற மாதிரி பேசுகிறது. 2020-ல் பால சாகித்ய விருதும் பெற்றது. ஆனால் பதினைந்து வயதுக்குத் தேடினால் கை சீக்கிரம் சுவரில் இடித்துவிடுகிறது. சென்னைக் குப்பைமேட்டுக் கதையையும் தாத்தா வீட்டு மாடிக் கதையையும் என் மகள் அமெரிக்காவிலிருந்து வந்த ஆங்கிலப் புத்தகத்தில்தான் படிக்கிறாள். வருத்தம்தான். கதையே வராமல் போவதற்கு இது மேல்.

அடுத்து அதே பத்மா வெங்கட்ராமனின் 'எ டைம் டு டான்ஸ்'. காலை இழந்த பரதநாட்டியப் பெண்ணின் கதை, கவிதை வடிவில். மகள் எடுத்து வைத்துவிட்டாள். பதிலுக்கு நான் என்ன வாசிக்கப்போகிறேன் என்று கேட்கிறாள். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' என்று சொல்லியிருக்கிறேன். "அதுலயும் யாராவது சாவாங்களா?" என்றாள். கேட்டுத் தெரிந்துகொள் என்றேன் :-)