எந்தத் தெருவுல ஓட்டுவீங்க, அண்ணே?

எம். புதுப்பட்டியில் நாங்கள் அறிந்தவரை யாரிடமும் ஸ்கேட்போர்டு கிடையாது. அதைப் பற்றிப் பாட்காஸ்ட் நடத்தப் போகிறோம் என்றதும் தோழர்கள் சிலர் சிரித்தார்கள். பட்டாசு ஆலை விபத்தைப் பேசுங்கள், கூலியைப் பேசுங்கள், இதென்ன பணக்கார வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டு என்றார்கள்.

யோசனை எங்களுடையதல்ல. மாலை வகுப்புக்கு வரும் காலனிப் பிள்ளைகளுக்கு 'கமலி' படத்தைக் காட்டியிருந்தோம். மாமல்லபுரத்தில் ஸ்கேட்போர்டு ஓட்டும் சிறுமியையும் அவளைத் தனியாக வளர்க்கும் அம்மாவையும் பற்றிய 24 நிமிட ஆவணப்படம். 2020 பாஃப்டா விருதில் குறும்படப் பட்டியலில் இருந்தது. (அந்த ஆண்டு விருதை வாங்கியதும் ஒரு ஸ்கேட்போர்டு படம்தான், காபூல் சிறுமிகளைப் பற்றியது.) படம் முடிந்ததும் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை ஒருத்தி, "இவங்கள மாதிரி ஓட்டுறவங்ககிட்டப் பேச முடியுமாக்கா?" என்று கேட்டாள். கடற்கரைப் பக்கம் சிறுவர்களுக்கு ஸ்கேட்போர்டு சொல்லித்தரும் ஓர் இளைஞரின் எண், ஒரு தோழர் மூலம் கிடைத்தது.

முதல் பதிவை நாங்களே நடத்தினோம், நாங்களே கெடுத்தோம். சமூகவியல் முதுகலையில் நேர்காணல் என்றால் எங்களுக்கு வினாப்பட்டியல்தான். பெயர், வயது, சாதி, கல்வி, குடும்ப வருமானம். அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறோம். 22 கேள்விகள் தயாரித்தோம். அவர் பதினோரு நிமிடத்தில் முடித்துவிட்டார். "வறுமைச் சூழலில் இந்த விளையாட்டு உங்களுக்கு என்ன தந்தது?" என்று கேட்டோம். "நல்லா இருக்குங்க" என்றார். கேள்வி அப்படியிருந்தால் பதில் வேறெப்படி இருக்கும்? திரும்பப் போட்டுக் கேட்டபோது அந்தப் பிள்ளை சொன்னாள்: "அக்கா, ரேஷன் கார்டுக்கு விசாரிக்க வந்த மாதிரி இருக்கு."

இரண்டாவது முறை அவளே பேசினாள். பகலில் ஆலைப் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்கும் என்பதால் இரவு எட்டு மணிக்கு மேல் வைத்தோம். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலில் போர்வை கட்டி, இரு முனையிலும் தனித்தனி போனில் பதிவு. அவள் முதலில் கேட்டது: "மொதமொதல்ல விழுந்தப்ப எங்க அடிபட்டுச்சுண்ணே?"

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் நிறுத்தவே இல்லை. கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு போய்விடும், உடம்பைச் சுருட்டி உருள வேண்டும், அதனால் அவர் முதலில் சொல்லித்தருவதே விழுவதற்குத்தான். ஒரு சின்னக் கல் சக்கரத்தில் சிக்கினாலும் பலகை நின்றுவிடும், ஆள் மட்டும் பறப்பான். தரை வழுவழுப்பாக இருந்தால்தான் இந்த விளையாட்டே உண்டு. இடையிடையே நாங்கள் பழக்கதோஷத்தில் "சரி, சரி" என்று போட்டதெல்லாம் பதிவில் அவர் பேச்சின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பேட்டிக்காக மத்தியப் பிரதேசத்தின் ஜன்வார் பற்றியும் படித்திருந்தோம். பன்னா மாவட்டக் கிராமம். ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிக் ரைன்ஹார்ட் 2015இல் அங்கே ஸ்கேட் பூங்கா அமைத்தார். இரண்டே விதி: பள்ளிக்கூடம் போகாவிட்டால் ஸ்கேட்போர்டு இல்லை, பெண்பிள்ளைகளுக்கே முதலிடம். ஆதிவாசிப் பிள்ளைகளும் யாதவப் பிள்ளைகளும் ஒரே சிமெண்ட் தரையில் விழுந்து எழுந்தார்கள். அங்கிருந்து ஆஷா கோண்ட் 2018இல் சீனாவின் நான்ஜிங் நகரில் நடந்த உலகப் போட்டிவரை போனார். அந்தத் தரைக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது என்பது எங்களுக்கு உறுத்தல்தான். ஆனாலும் அந்த இரண்டு விதிகளைக் குறைசொல்ல முடியவில்லை.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார், "பார்க் இல்லைன்னா ரோட்டுலதான் ஓட்டுவோம்."

"எந்தத் தெருவுல ஓட்டுவீங்க, அண்ணே?"

பதில் வரவில்லை. நாங்கள் வேறு கேள்வி போட வாயெடுத்தோம். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். எட்டு நொடி.

"எங்க தெருவுலதான். அந்தப் பக்கம் ரோடு நல்லா இருக்கும். போனா கேப்பாங்க."

"என்னன்னு?"

"யார் வீட்டுப் பையன்னு."

ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போன தலைமுறைக்குப் பிறந்தவர்கள் நாம். இந்தக் கேள்விக்கு நமக்கு உரை தேவையில்லை. அவள் தன் தாத்தா அப்படி உருட்டிக்கொண்டு போன கதையை அவருக்குச் சொன்னாள். இரண்டு வருடமாக எங்கள் வகுப்புக்கு வருகிறாள். அன்றுதான் அதை முதன்முதலாகக் கேட்டோம். எங்கள் படிவத்தில் சாதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. தாத்தாவின் சைக்கிளுக்கு இல்லை.

மறுநாள் அவர் போன் செய்தார். அந்தப் பதிலை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். "எழுதணும்னா பேர் போடாம எழுதிக்குங்க. குரல் வேணாம். எங்க அம்மா பயப்படும்." ஆய்வில் பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று படித்தவர்கள் நாங்கள். பாட்காஸ்டில் குரலே பெயர். எங்களுக்குள் சண்டை நடந்தது. அதுதான் பேட்டியின் உயிர், சாட்சியம், எடுக்கக் கூடாது என்றார்கள் சிலர். அவள்தான் வெட்டினாள். கேள்வியையும் எட்டு நொடியையும் தாத்தா கதையையும் வைத்துக்கொண்டாள்.

அடுத்த பேட்டிக்குத் தன் அம்மாவை உட்கார வைக்கப் போகிறாளாம். ஊரிலேயே வழுவழுப்பான தரை எது என்று வீட்டில் கேட்டிருக்கிறாள். ஆலையில் பட்டாசு காயப்போடுகிற மேடைதான் என்றாராம் அம்மா. முதல் கேள்வியை அங்கிருந்து எடுக்கலாமா என்று எங்களிடம் கேட்டாள்.