வண்டி ஓட்டுறது யாரு?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். என் பழைய டீசல் ஜீப் வாரம் மூன்று நடை அதில் ஏறி இறங்கினால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். போன கோடையில் ஜீப்பே கொதிக்க ஆரம்பித்தது. நாமக்கல் சாலையில் அறுபதில் போனால் ஒன்றுமில்லை. மலையில் மெதுவாக ஏறினாலோ, சந்தை நெரிசலில் நின்றாலோ டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடும்.

பாதி நோய் இதிலேயே தெரிந்துவிடும். வேகமாகப் போகையில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். மெதுவாகப் போகையில் ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். அந்த ஃபேனை எஞ்சினோடு சேர்ப்பது ஃபேன் கிளட்ச். அதன் முகப்பில் ஒரு சுருள், உள்ளே சிலிக்கோன் எண்ணெய். ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானால் சுருள் அசைந்து வால்வைத் திறக்கும்; எண்ணெய் பரவி ஃபேனைப் பிடித்துச் சுழற்றும். எண்ணெய் கசிந்துவிட்டால் பிடிப்பு போச்சு.

எப்போது சூடாகிறது என்று பட்டறையில் யாரும் என்னைக் கேட்கவில்லை. மெக்கானிக் என் தம்பியிடம், "அக்கா கிளட்சை மிதிச்சுக்கிட்டே ஏத்துறாங்க போல, சொல்லி வைங்க" என்றார். தம்பிக்கு லைசென்ஸே கிடையாது. மனைவியின் வயிற்றுவலியைக் கணவன் டாக்டரிடம் விவரிப்பானே, அதே காட்சி. தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள், கூலன்ட்டை மாற்றினார்கள். மறுபடி கொதித்தது. இனி ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றார்கள். அது என் இரண்டு மாத வருமானம்.

அங்கேயே வண்டியை நன்றாகச் சூடாக்கி எஞ்சினை அணைத்தேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். சாவி இன்னொருவர் கையில் இருந்தால் ஃபேன் பக்கம் கையே நீட்டக்கூடாது. ஃபேனைச் சுண்டிவிட்டேன். சூட்டில் அது கனமாக அசைந்து ஒரு சுற்றுக்குள் நின்றிருக்க வேண்டும். காற்றாடி மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. கிளட்சின் நடுவிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு தூசியோடு சுற்றிலும் கோடு கோடாகத் தெறித்திருந்தது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவரும் சுண்டிப் பார்த்தார். "ஃபேன் கிளட்ச் போயிருக்கு" என்றார், தம்பியைப் பார்த்து.

புது கிளட்ச் போட்டாயிற்று. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் இரைந்துவிட்டு அடங்கும், அது கோளாறல்ல. பில் தம்பி பெயரில் இருந்தது. அதை அடித்துவிட்டு ஆர்.சி.யில் உள்ள பெயரை எழுதச் சொன்னேன். எழுத்துக்கூட்டி என்னிடமே கேட்டு எழுதினார்.