கூரை நிதி

எம்மிடம் பயின்று இப்பொழுது இங்கிலாந்தில் தாதியாகப் பணிபுரியும் மாணவி ஒருத்தி, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எமக்கொரு கடிதம் எழுதியிருந்தாள். அவள் வழிபடும் தேவாலயத்தில் வெப்பமூட்டும் பொறி பழுதாகிவிட்டதாம். குழாய்களுக்கு வெந்நீர் அனுப்பும் பழைய கொதிகலனை அகற்றிப் புதியது அமைக்க ஊரார் நிதி திரட்டுகின்றனராம். “சேர், இங்கே ஜெபம் பண்ணவும் கணப்பு வேண்டும். நீங்கள் அங்கே எதற்குச் சேர்க்கிறீர்கள்?” என்று விளையாட்டாகக் கேட்டிருந்தாள்.

குளிர்நாட்டில் அது சிறிய செலவன்று. கல்லாற் கட்டி உயரக் கூரையிட்ட மண்டபத்தில் எவ்வளவு எரித்தாலும் சூடான காற்று முகட்டுக்குப் போய்விடும். கீழே அமர்ந்திருப்போரின் கால் விறைத்தபடியே இருக்கும். பாத் நகரத்துப் பெரிய தேவாலயத்தார், உரோமர் நீராடிய அதே வெந்நீர் ஊற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து 2021 முதல் தளத்தைச் சூடாக்குகின்றனர். எல்லா ஊருக்கும் அத்தகைய ஊற்று வாய்க்குமோ?

கண்டி மாநகருக்கு இக்கவலை இல்லை. திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்திற்குப் பக்கச் சுவர்களே கிடையா. 1923இல் அடிக்கல் நாட்டி 1935இல் அர்ப்பணித்த அக்கட்டடத்தை வண. காஸ்டர் கண்டிய மரபு மண்டபங்களைப் பின்பற்றி அமைத்தார். கருங்கற்றூண்களுக்கு இடையே காற்று வந்து போகும்.

எமது கவலை கூரை. கண்டியிலிருந்து தெல்தோட்டைப் பக்கம் போகும் மலைச்சரிவில் நாம் ஞாயிறுதோறும் செல்லும் சிற்றாலயத்தின் தகரம் ஆணித்துளைகளிலிருந்து துருவேறிச் சல்லடையாகிவிட்டது. கைமரம் இரண்டிலே கறையான். நற்கருணை மேசைமேல் மழை சொட்டத் தொடங்கிய பின்னரே சபையார் கூடிக் குழு அமைத்தனர். குழுவில் எம்மையும் சேர்த்தனர். ஆசிரியன் கையில் பற்றுச்சீட்டுப் புத்தகம் இருந்தால் ஊர் நம்பும் என்பது அவர்கள் எண்ணம்.

இம்மலைகளில் திருச்சபைக்கும் பணத்திற்கும் உள்ள உறவு பழையது. 1854இல் கண்டியை நடுவாகக் கொண்டு தோன்றிய இயக்கத்திற்கு இட்ட பெயரே ‘தமிழ்க் கூலி மிஷன்’. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் கோப்பித் தோட்டம் தோட்டமாக நடந்தனர். அவர்கள் சம்பளத்திற்குத் துரைமார் சந்தா கொடுத்தனர். உழைப்பவனின் கூலியைக் குறைத்து, அவன் ஆன்மாவுக்குச் சந்தா கட்டிய விந்தையை என்னென்பது! பின்னர்க் கோப்பி நோயால் மாண்டது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை மலையெல்லாம் பரவிற்று. 1972இலும் 1975இலும் வந்த சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் மீண்டும் கம்பெனிகளின் நிர்வாகத்திற்குப் போயின. துரைமார் மாறினர். துரைமாரின் சந்தாவும் நின்றது. எமது ஆலயச் சுவரில் துரைமார் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகள் மட்டும் துலங்குகின்றன.

நிற்க. கண்டிக் கடைவீதியில் நாம் இரண்டு சனிக்கிழமை அலைந்தோம். பெருங்கடைகளில் ‘முதலாளி இல்லை’ என்றனர். சிறு தேநீர்க்கடைக்காரர் கல்லாவைத் திறந்தார். மூன்றாம் வாரம் லயங்களுக்குச் சென்றோம். நாட்கூலி 1,350 ரூபாயாக உயர்ந்து அப்பொழுது ஓராண்டுகூட ஆகவில்லை. கொழுந்து நிறை குறைந்தால் அதிலும் அரைப்பேர்தான் விழும்.

எம் மாணவன் ஒருவனின் தாய் எம்மைக் காம்பராவுக்குள் அழைத்தாள். வெளியே மழை. உள்ளே மூன்று பாத்திரங்கள் வெவ்வேறு சுருதியில் சொட்டு வாங்கிக்கொண்டிருந்தன. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து 675 ரூபாயை எண்ணி வைத்தாள்.

“ஒரு அரைப்பேரு மாஸ்டர். கோயிலுக்குன்னா கணக்குப் பாக்கக் கூடாது.”

வேண்டாமெனச் சொல்ல நா எழவில்லை. சொன்னால் அவளை அவமதித்ததாகும். வாங்கிச் சீட்டு எழுதினோம். எழுதிய தாளின்மேல் ஒரு துளி விழுந்து மை கரைந்தது. மகன் மேலே பார்த்தான்.

“சேர், இந்தக் கூரைக்கு நாங்க யாருகிட்ட புத்தகம் கொண்டு போறது?”

ஐந்து தலைமுறை வாழ்ந்தும் அக்காம்பரா அவர்களுடையதன்று. உறுதி இல்லை. தகரம் மாற்றவும் தோட்டத்து அனுமதி வேண்டும். இவையெல்லாம் அவனுக்குத் தெரியும். எம்மிடம் விடை இல்லை என்பதும் அன்று தெரிந்துவிட்டது.

ஆவணி மாதம் வேலை தொடங்கிற்று. கழற்றிய தகரங்களில் நாற்பதளவில் இன்னும் பயன்படத்தக்கவை. அந்தத் தாய் ஆறு தகரம் கேட்டாள். வேறு சிலரும் கேட்டனர். குழு கூடியது. முகட்டுத் தகரத்திற்கும் ஆணிக்கும் 60,000 ரூபாய் குறைகிறது, பழையவற்றைப் பழைய இரும்பு வியாபாரிக்கு விற்றால் கணக்குச் சரியாகும் என்றார் பொருளாளர். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பர் என்றார் மற்றொருவர். கணக்கில் பிழையில்லை. கை தூக்கச் சொன்னார்கள். வகுப்பறையில் சமத்துவம் பேசும் நாமும் தூக்கினோம். மறுநாள் லொறி வந்தது. லயத்து வாசலில் நின்று அவள் பார்த்தாள். எம்மை ஒன்றும் கேட்கவில்லை.

அவ்வாண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. உயிரிழப்பு மிகுந்த மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. எம் பக்கத்தில் லயத்தின் பின்புற மண் சரிந்து ஒரு சுவர் பிளந்தது. இரவோடிரவாக மக்கள் ஆலயத்துக்கு ஓடி வந்தனர். சைவர், கிறிஸ்தவர் எனப் பாராது விசுப்பலகைகளை ஒதுக்கிப் பாய் விரித்தோம். புதிய கூரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவள் மகனோடு படுத்திருந்த இடம் முகட்டுக்கு நேர்கீழே. பழைய தகரம் விற்ற காசு போன இடம் அதுதான். அவளுடைய அரைப்பேரும் அங்கேதான் இருந்தது. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

புயல் ஓய்ந்தபின் மகன் ஓர் அப்பியாசக் கொப்பியில் லயத்தின் காம்பராக்களை வரிசையாக எழுதினான்: எது ஒழுகுகிறது, எதன் சுவர் வெடித்திருக்கிறது, எத்தனை பேர் வாழ்கின்றனர் என்று. பின் பிரதேச செயலாளருக்கும் தோட்ட நிர்வாகத்திற்கும் ஒரு விண்ணப்பம் வரைந்து எம்மிடம் கொணர்ந்தான். பாதுகாப்பான நிலமும், அதற்கு உறுதியும், வீடும் கேட்டிருந்தான். இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தினோம். கீழே கையொப்பங்களும் பெருவிரல் அடையாளங்களும் இருந்தன.

“ஒங்க பேரும் போடுங்க சேர்,” என்றான்.

பாடசாலையின் பெயரையும் சேர்த்து எழுதிக் கையொப்பமிட்டோம்.