சதுரமா, நீள்சதுரமா?

என் தமக்கையாரின் மகளுக்குச் சென்ற தை மாதத்தில் எழுத்து நடந்தது. மாப்பிள்ளை கனடாவில், ரொறன்ரோ நகரில் தொழில் பார்ப்பவர். எழுத்தன்று மோதிரம் மாற்றிக்கொள்ளுதல் இப்போது எங்கும் வழக்கமாகிவிட்டது. பெண்ணுக்கு ஒற்றை வைரம் பதித்த மோதிரம் இடவேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதனை யாழ்ப்பாணத்திலேயே செய்விக்க வேண்டும் என்பதும் அவருடைய விருப்பமே. ஒருநாள் மாலை இரண்டு படங்களைக் கைப்பேசியில் அனுப்பி, "கல் சதுரமாக இருக்கட்டுமா, நீளமாக இருக்கட்டுமா? மாமாவையும் கேட்டுச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார்.

அந்த மாமா நான். கல்லூரியில் இரசாயனவியல் கற்பிப்பவன் ஆகையால் வைரத்தின் நல்லது கெட்டது எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். வைரமும் அடுப்புக்கரியும் ஒரே மூலகம் என்று இருபது ஆண்டுகளாக மாணவர்க்குச் சொல்லி வருகின்றேனேயன்றி, வைரம் ஒன்றை விலை கேட்டறியாதவன் நான். எனினும் கேட்டவர் மருமகன் ஆகப்போகிறவர். தெரியாது என்று சொல்ல மனம் இடந்தரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மருமகளையும் அழைத்துக்கொண்டு கன்னாதிட்டிக்குப் போனேன். எமக்குப் பழக்கமான பத்தர் ஒருவர் கொழும்பிலிருந்து தருவித்த இரண்டு கற்களைக் கறுப்புத் துணியின் மேல் வைத்தார். ஒன்று சதுரம். மற்றையது நீள்சதுரம். (செவ்வகம் என்று எழுதாவிட்டால் கணித ஆசிரியர்கள் கோபிப்பார்கள், ஆயினும் என் தந்தையார் நீள்சதுரம் என்றே சொல்லக் கேட்டு வளர்ந்தேன்.) இரண்டும் ஏறத்தாழ ஒரு கரட் நிறை; அதாவது 200 மில்லிகிராம். நிறை ஒன்றேயாயினும் பார்வைக்கு அவை ஒன்றல்ல. சதுரக்கல் பக்கத்துக்கு ஐந்தரை மில்லிமீற்றர் அளவில் அடங்கியிருந்தது. நீள்சதுரமோ ஏழுக்கு ஐந்து என விரல்வழியே நீண்டு, பெரிய கல் போலத் தோற்றிற்று.

ஒளியிலும் அவற்றுக்குள் பெரும் பேதம் இருந்தது. பிற்பகலில் பண்ணைக் கடலைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். வெயில் அலைமேல் விழுந்து ஆயிரம் துண்டாகச் சிதறிக் கண்ணைக் கூசச் செய்யுமே, சதுரக் கல்லின் மினுக்கம் அத்தகையது. பிரின்சஸ் என்னும் பெயரால் 1980களில் உலகெங்கும் பரவிய பட்டை அது. நீள்சதுரக் கல்லை நோக்குவது கீரிமலைக் கேணியைப் படியில் நின்று நோக்குவது போன்றது. படிப்படியாக இறங்கும் பட்டைகள். நடுவிலே தெளிந்த நீர். அடித்தளம் வரை பார்வை போகும். மினுக்கம் குறைவு. கையை அசைக்கும்போது ஓர் ஒளிக்கோடு வந்து மறையும், அவ்வளவுதான். மரகதம் எளிதில் உடையும் கல்லாதலால் அதன் மூலைகளை வெட்டி இவ்வாறு பட்டை தீட்டும் வழக்கம் உண்டாயிற்று. வைரத்துக்கும் அந்தப் பெயரே வந்து எமரால்ட் பட்டை ஆயிற்று. 1956இல் மொனாக்கோ இளவரசருக்கு மாலையிட்ட நடிகை கிரேஸ் கெலியின் மோதிரத்தில் இருந்தது இந்த வகைக் கல்தான். பத்துக் கரட்டுக்கு மேற்பட்டது. எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

"கண்ணுக்குச் சதுரம்தான் நல்லது" என்றாள் மருமகள்.

பத்தர் சிரித்துக்கொண்டே உருப்பெருக்கிக் கண்ணாடியை என்னிடம் நீட்டினார். சதுரக் கல்லுக்குள் இருந்த சிறு புள்ளி ஒன்று அதன் மினுக்கத்திலே மறைந்துபோயிற்று. எவ்வளவு தேடியும் என்னால் அதைக் காண முடியவில்லை, அவர்தான் ஊசிமுனையால் இடத்தைக் காட்டினார். நீள்சதுரத்தில் இருந்த மெல்லிய கீறலோ கண்ணாடியை வைத்தவுடன் தெரிந்தது. படிப்பட்டை எதையும் ஒளித்து வைக்காது. வைரத்தின் குற்றங்களைப் பார்த்து வாங்கும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் இரத்தினக் கடைத்தெரு வழியே போகிறான். அங்கே களங்கம், புள்ளி, கோடு, காக்கையின் கால் போன்ற பிளவு ஆகிய குற்றங்கள் நீங்கிய வைரங்களைப் பற்றி இளங்கோவடிகள் ஒரு வணிகரைப் போலக் கணக்காகச் சொல்லுகின்றார்.

எனக்குத் தெரிந்த துறை ஒன்றும் இவ்விடத்தில் கைகொடுத்தது. வைரம் மண்ணிலிருந்து வரும்போது பெரும்பாலும் எண்முகியாக இருக்கும். இரண்டு கூம்பகங்களை அடியோடு அடி ஒட்டியது போன்ற வடிவம். அதை நடுவே அறுத்தால் கிடைப்பது சதுரம். ஆகவே சதுரமாகத் தீட்டினால் கழிவு குறைவு. வட்டமாகத் தீட்டினாலோ ஏறக்குறையப் பாதியும், சில வேளைகளில் அதற்கு மேலும் பொடியாகப் போய்விடும். சதுரக் கல் வட்டக் கல்லைவிட மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் சதுரத்துக்கு நான்கு கூர்மூலைகள் உண்டு. கடினம் வேறு, உடையாமை வேறு என்று நான் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்வதுண்டு. மோவின் அளவையில் வைரத்தின் கடினம் 10; அதைக் கீறவல்ல பிறிதொரு கனியம் இல்லை. எனினும் அதற்குள் பிளவுத்தளங்கள் உண்டு. அந்தத் திசையில் ஓர் அடி பட்டால் விறகு போலப் பிளந்துவிடும். 1905இல் தென்னாபிரிக்காவில் கிடைத்த கலினன் வைரம் 3,106 கரட் நிறையுடையது. 1908இல் அம்ஸ்ரடாம் நகரில் யோசப் ஆஷர் என்பவர் அதைப் பிளந்தது ஓர் அலகும் ஓர் அடியும் கொண்டுதான். மூலை வெட்டிய சதுரப் படிப்பட்டை ஒன்றை அவரே 1902இல் வகுத்திருந்தார். மூலைகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லைப்போலும்.

ஆகவே என் தீர்ப்பு நீள்சதுரம் என்பதாயிற்று. தேங்காய் துருவுகிற, உடுப்புத் தோய்க்கிற கைக்கு மூலை வெட்டிய கல்லே பொருந்தும் என்றேன். மருமகளுக்கு அரை மனம்.

வீட்டுக்கு வந்து இவற்றையெல்லாம் ஒரு பாடம் போல விரித்துரைத்துக் கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த அம்மா எழுந்து உள்ளே போய், பழைய குங்குமச் சிமிழ் ஒன்றைக் கொண்டுவந்து மருமகளின் கையில் வைத்தார். உள்ளே அவருடைய மோதிரம் இருந்தது. அதைச் சிறுவயதில் அவர் விரலில் பார்த்திருக்கிறேன். இருக்கிறது என்பதையே மறந்துவிட்டேன். பாட்டனார் மலாயாவில் புகையிரதப் பகுதியில் பணிபுரிந்து ஓய்வு பெற்று வந்தபோது கொண்டுவந்த கல். 1968இல் அம்மாவின் கலியாணத்துக்கு மோதிரமாகச் செய்யப்பட்டது. முக்கால் கரட் வரும், சதுரம், படிப்பட்டை, மூலைகள் கூராகவே விடப்பட்டவை. அவற்றுள் ஒன்று இல்லை. கலியாணமாகி இரண்டு மூன்று ஆண்டுகளில், தண்ணீர் அள்ளும்போது கிணற்றுக்கட்டில் கை மோதித் தெறித்துவிட்டதாம்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் நாவற்குழி நோக்கி நடந்தபோது எனக்குப் பதினாறு வயது. அம்மாவின் நகைகள் ஒரு சீலைப் பையில் அவர் இடுப்பில் இருந்தன. மீசாலையில் உறவினர் ஒருவரின் மாலில் ஆறு மாதம் குடியிருந்தோம். அட்டியலும் காப்பும் தோடும் ஒவ்வொன்றாக அரிசியும் மருந்துமாயின. மோதிரத்தையும் அம்மா விற்கத்தான் கொண்டு சென்றார். வாங்குபவர் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, மூலை போன கல்லுக்கு விலை போட முடியாது, பொன்னுக்கு மாத்திரம் தருகிறேன் என்றாராம். அந்தச் சிறு தொகைக்குக் கொடுக்க மனமின்றி அம்மா திரும்பி வந்துவிட்டார். அடுத்த சித்திரையில் ஊர் மீண்டபோது அவரிடம் எஞ்சியிருந்த நகை தாலிக்கொடியும் அதுவும்தான்.

மறுபடியும் கன்னாதிட்டி. பத்தர் கல்லை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயா, இதைக் கொழும்புக்கு அனுப்பி மீளத் தீட்டுவிக்கலாம். உடைந்த பக்கத்தை ஒரு விளிம்பாக அரைத்தெடுத்து மற்ற மூலைகளையும் வெட்டினால் அழகான நீள்சதுரம் வரும். கால்பங்கு நிறை போகும், குற்றமும் போய்விடும்" என்றார். எனக்குப் பெருமகிழ்ச்சி. நான் சொன்ன வடிவம், பாட்டனாரின் கல், மாப்பிள்ளைக்குச் செலவு மிச்சம். இதைவிட வேறென்ன வேண்டும்?

மருமகள் ஒப்பவில்லை. கல்லில் ஒரு தூசியும் குறையக்கூடாது என்றாள். உடைந்த கல்லை எழுத்தன்று போடுவது முறையா என்று தமக்கையார் கேட்டார். எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை, ஆனால் அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. அம்மாவைக் கேட்டோம்.

"உடைஞ்சபடியாத்தானே மோனை, அது என்னட்டை மிஞ்சினது" என்றார் அம்மா.

அதற்குமேல் எவரும் பேசவில்லை. மாப்பிள்ளைக்கு நானே எழுதினேன்: கல் சதுரம், வாங்கவேண்டியதில்லை, மூலை ஒன்று குறைவு, தங்களுக்கு ஆட்சேபம் உண்டா? மறுநாட்காலை அவரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. "எந்த மூலை?"

பத்தர் பழைய பொன்னையே உருக்கிப் புது வளையம் செய்தார். கல்லைப் பற்றும் பொன் நகங்கள் நான்கையும் மூலையைக் கவிந்து மூடும் வடிவில் அமைத்து, நான்காவதைச் சற்று அகலமாக விட்டார். இப்போது பார்ப்பவர்க்கு அது முழுச்சதுரம். படிப்பட்டை எதையும் ஒளிக்காது என்ற என் வாதத்தை அந்த ஒரு நகம் பொய்யாக்கிவிட்டது. எனினும் கிணற்றடிக்குப் போகும் கைக்கு நீள்சதுரமே பாதுகாப்பு என்பதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. அதை மருமகளிடம் இரண்டுமுறை சொல்லியும் விட்டேன்.

எழுத்தன்று பதிவாளர் தம் ஏட்டை விரித்து ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை மோதிரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். அகன்ற நகத்தைக் கண்டுபிடித்ததும் தலை நிமிர்ந்து, பின்வரிசையில் இருந்த அம்மாவைப் பார்த்தார்.