காலி வரிக்கும் ஒரு கணக்கு உண்டு

இந்த முறை ஒரு பேட்ச் ஃபைல் கதை. கம்ப்யூட்டர் பிடிக்காதவர்களும் படிக்கலாம், கடைசியில் விஷயம் இருக்கிறது.

வகுப்புத் தேர்வு மதிப்பெண்களைப் பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் 34 பெயர்கள். இன்னொன்றில், அதே வரிசையில், 34 வரிகளில் மதிப்பெண்கள். எக்செல்லில் ஒட்டினால் இரண்டு நிமிட வேலை. ஆனால் நமக்குத்தான் புத்தி நேர்வழியில் போகாதே! வரி வரியாகப் படித்து ஒவ்வொன்றையும் ஒரு வேரியபிளில் போடுகிறேன் என்று கிளம்பினேன்.

அதற்கு 'ஃபார்' கட்டளையோடு '/எஃப்' சேர்க்க வேண்டும். முதல் முறை ஓட்டியதும் பெயர்களுக்குப் பதில் வெறும் இனிஷியல்தான் வந்தது. இடைவெளி வந்தால் அதோடு நிறுத்திவிடுவது அதன் வழக்கம். 'டெலிம்ஸ்' என்று எழுதி சமக்குறிக்குப் பின் எதுவும் போடாமல் விட்டால் முழு வரியும் வரும். விட்டேன், வந்தது. பட்டியலை அனுப்பியும் விட்டேன்.

சாயங்காலம் நண்பன் வீட்டுக்கே வந்தான். "டேய், அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு நான் பரீட்சைக்கே வரலை. எனக்கு எப்படிடா 46?"

பக்கென்றது. அவன் பட்டியலில் 19வது ஆள். வராததால் அந்த வரியைக் காலியாக விட்டிருந்தேன். இந்தக் கட்டளையோ காலி வரியைச் சத்தமே இல்லாமல் தாண்டிவிடும். 20வது ஆளின் மதிப்பெண் இவனுக்கு, 21வது ஆளுடையது அடுத்தவனுக்கு... கடைசிப் பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை.

'செட் /பி' வைத்துப் படித்தால்? அது இன்னும் மோசம். காலி வரி வந்தால் வேரியபிளில் பழைய மதிப்பு அப்படியே நிற்கும். வராதவனுக்கு முந்தைய ஆளின் மதிப்பெண்!

கடைசியில் கைகொடுத்தது 'ஃபைண்ட்ஸ்டர் /என்'. எல்லா வரிகளுக்கும் முன்னால் எண்ணும் முக்காற்புள்ளியும் போட்டுத் தரும். காலி வரியும் '19:' என்று வந்து நிற்கும், அதைத் தாண்ட முடியாது. அந்த எண்ணையே வேரியபிள் பெயரோடு சேர்த்துக்கொண்டேன். மதிப்பு இல்லையென்றால் 'வரவில்லை' என்று அச்சிடச் சொன்னேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவர். அணுபுரத்தில் வீட்டுக்கு வீடு அப்படித்தான். சிரித்துவிட்டுச் சொன்னார்: "ரீடிங் எடுக்கலைன்னா நாங்க அந்தக் கட்டத்துல கோடு போடுவோம்பா. காலியா விட்டா அடுத்து வர்றவன் என்ன வேணா நினைச்சுக்கலாம்."

மறுநாள் 16 பேரிடமும் மன்னிப்புக் கேட்டுப் புதுப் பட்டியல் கொடுத்தேன். 46ஐ வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளாத நண்பனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் வாய் திறக்காமல் இருந்திருந்தால் தப்பு இன்றுவரை தெரிந்திருக்காது.