உம்மைப் பற்றிச் சொல்லும்

பாந்திரா-குர்லா வளாகத்தில் ஒரு பெரிய கம்பெனி, சரக்குப் போக்குவரத்துப் பிரிவுக்கு ஆள் எடுப்பதாக அறிந்து நாமும் மனுச் செய்திருந்தோம். ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதிப் பழகிய கை நம்முடையது. ஆகவே சரக்குக் கட்டணம், வாகன்களின் கொள்ளளவு என்று இரண்டு இரவு படித்துவிட்டே பேட்டிக்குச் சென்றோம். அங்கிருந்த மூவரும் அவற்றில் ஒன்றையும் வினவவில்லை. "உம்மைப் பற்றிச் சொல்லும்" என்றனர்.

பெயர், தந்தையார் பெயர், பூர்வீகம் திருநெல்வேலி, பிறந்து வளர்ந்தது தாராவி, படிப்பு மெட்ரிக், இத்தனை ஆண்டு எழுத்தர். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. "அப்புறம்?" என்றார் நடுவில் இருந்தவர். தன் வாயால் தன்னைப் புகழ்வது இழிவு என்று கேட்டு வளர்ந்தவனுக்கு அப்புறம் என்ன இருக்கிறது? நமக்கு முன் சென்று வந்த இளைஞர், எட்டு நிமிடம் தம்மைப் பற்றியே பேசியதாகச் சொல்லியிருந்தார். வியந்தோம், சற்றுப் பொறாமையும் கொண்டோம்.

பிறகு, "தாராவியிலிருந்து தினமும் நேரத்துக்கு வர இயலுமா?" என்றொரு கேள்வி. மித்தி ஆற்றுக்கு இக்கரை நம் வீடு, அக்கரை அவர்கள் கட்டடம். பாலத்தைக் கடந்து நடந்தே வந்தோம் என்றோம். யாரும் சிரிக்கவில்லை. அந்த வேலையும் நமக்குக் கிட்டவில்லை.

முன்னாளில் மாட்டுங்காவில் குடியேறிய நம்மவர் பலர், தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக் கோட்டைப் பகுதிக் கம்பெனிகளில் இடம் பெற்றனர். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற கணக்கே அவர்களுக்காகப் பேசிற்று. 1966 ஜூன் மாதம் தோன்றிய சிவசேனையின் கண்ணில் முதலில் பட்டவையும் அந்தக் குமாஸ்தா நாற்காலிகளே. இன்று தட்டச்சுப் பொறி போய்விட்டது. வாய்தான் பேச வேண்டியிருக்கிறது. நடுவண் அரசு, சிபாரிசுக்கும் லஞ்சத்துக்கும் இடமாகிறதென்று, 2016 ஜனவரி 1 முதல் தன் கீழ்நிலைப் பதவிகளுக்குப் பேட்டியையே நீக்கிவிட்டது. கம்பெனிகள் நீக்கப் போவதில்லை.

இதற்கு நம் பவணந்தி முனிவர் நன்னூலில் வழி விட்டிருக்கிறார். பாயிரத்தில் தற்புகழ்ச்சி தகாது என்றவர், நான்கு இடங்களுக்கு மட்டும் விலக்குத் தருகிறார்: அரசவைக்கு ஓலை எழுதுகையில், தன் ஆற்றல் அறியாதவரிடையே, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில், எதிரி தன்னைப் பழித்தவிடத்தில். மனுவென்பது ஓலைதானே! அந்த மூவரோ நம் ஆற்றல் அறியாதவர். தாராவி என்றதும் எழுந்த பார்வையைப் பழிப்பென்று கொண்டால், நான்கில் மூன்று ஆயிற்று. புலவருக்கு வகுத்த விதிதான். எழுத்தருக்கும் செல்லும் என்றே கொள்கிறோம்.

எம் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை ஞாயிறு மாலைகளில் அழைத்து வைத்து, அதே கேள்வியைக் கேட்டு வருகிறோம். முதல் வாரம் ஐவர் வந்தனர். ஐவரும் தந்தையார் பெயரிலிருந்தே தொடங்கினர். தாயாருக்கு உதவியாக இட்லிக் கடைக் கணக்கை மூன்றாண்டு எழுதிவரும் பெண்ணொருத்தி, அதைச் சொல்லவே இல்லை. நாம்தான் கேட்டு வாங்கினோம். "அதையும் சொல்லலாமா, அண்ணா?" என்றாள்.